கண்ணாடி இறக்கிய கார்

அந்தக் காரில் நான் இருபது நாள் விறைத்தேன். ஹீட்டரில் பிழை இல்லை. புதுக் கார், இருக்கைக்குள்ளும் சூடு வரும், ஸ்டியரிங்குக்குள்ளும் சூடு வரும். ஓட்டினவர் தன் பக்கத்துக் கண்ணாடியை நான்கு விரல் அளவுக்கு இறக்கி வைத்திருந்தார், அவ்வளவுதான். சூட்டையும் போட விடவில்லை. முன்கண்ணாடியில் பனி பிடிக்காமல் இருக்க அதற்கு மட்டும் கொஞ்சம் சூட்டுக் காற்று. "கண்ணாடிக்குக் குடுக்கலாம். ஆளுக்குக் குடுக்க ஏலா" என்பார்.

அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அக்காவாகவே இருக்கட்டும். மட்டக்களப்புக்காரி. அறுபதைத் தொடப் போகிற வயது, சின்ன உடம்பு, பெரிய குரல். எந்தக் கதையையும் "மறுகா" என்றுதான் தொடங்குவார். பிறகு என்பதற்கு அவர்கள் ஊர்ச் சொல் அது, எங்கள் ஊரில் பேந்து. யாழ்ப்பாணத்துக்காரனான எனக்கு அது பகிடி. "இன்னும் ஒண்டும் சொல்லேல்லை, அதுக்குள்ளை என்ன மறுகா?" என்று கேட்பேன். "உங்கட பேந்துவை விட எங்கட மறுகா வடிவு. வாயைப் பொத்திட்டுத் தேத்தண்ணிய ஊத்து" என்பார்.

தேநீர் ஊற்றுவதுதான் அந்தப் பயணத்தில் என் வேலை. நான் ஒஸ்லோவில் ட்ராம் ஓட்டுகிறவன். ஹொல்ம்லியாவில் ஒரே கட்டடத்தில் அக்கா மூன்றாம் மாடி, நான் முதலாம் மாடி. ஒரு நாள் கதவைத் தட்டி, "ட்ராம்காரா, லீவு கிடக்கா?" என்று கேட்டார். எதற்கு என்று கேட்கும் முன்னமே ஓம் என்று சொல்லிவிட்டேன். அப்படித்தான் போனேன்.

அது ஒரு தொண்டு ஓட்டம். ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகப் படுத்திருக்கும் பிள்ளைகளின் தாய் தகப்பன் பக்கத்தில் தங்குவதற்கு ஒரு வீடு வேண்டும் என்பதற்காக, நோர்வேயின் வடக்கு முனையில் பாட்ஸ்பியோர்ட்டிலிருந்து ஒஸ்லோ வரை, நடுக் குளிர்காலத்தில், கை மாற்றிக் கை மாற்றி ஓடுவது. ஓடுபவர் கையில் ஒரு மரக்குச்சி. ஒவ்வொரு ஊரும் அதில் ஒரு நிறக் கம்பளி நூலைச் சுற்றி அனுப்பும். பின்னால் செம்மஞ்சள் விளக்குப் போட்ட எங்கள் கார். முழுத் தூரமும் ஓடும் ஆட்கள் ஐந்து பேர். அந்தந்த ஊர்ச் சனமும் கொஞ்சத் தூரம் சேர்ந்துகொள்ளும்.

ஏற்பாடு செய்தவர் பெயர் ரூனே. அக்கா வேலை செய்த முதியோர் இல்லத்தில் உடற்பயிற்சி வைத்தியர். அவருடைய மகள் இங்ரிட்டுக்குப் பத்து வயது, அந்த ஒஸ்லோ ஆஸ்பத்திரியில்தான் கிடந்தாள். என்ன வருத்தம் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மகளுக்கு அவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: பாட்ஸ்பியோர்ட்டிலிருந்து உன் கட்டில் வரைக்கும் இந்தக் குச்சி ஒரு அடிகூட வண்டியில் வராது, முழுக்கக் காலால் வரும் என்று. நடுவில் ஓரிடத்தில் ஃபெரி ஏற வேண்டியிருந்தது. அங்கேயும் கடலைக் கடந்து முடியும்வரை ஒருத்தர் குச்சியோடு கப்பல் தட்டில் சுற்றிச் சுற்றி ஓடினார். கோப்பிக் கோப்பையோடு நின்ற சனம் கால்களை மடக்கி மடக்கி வழிவிட்டது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "வாக்கெண்டா அப்படித்தான். கடல் வந்தா மட்டும் விட்டுப்போகுமா?" என்றார்.

கார் ஓட்ட ஆள் வேண்டும் என்று ரூனே கேட்ட நாளில், அக்கா மதியச் சாப்பாட்டு மேசையிலேயே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். நான் நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும், யாராயிருந்தாலும். ரூனே சிரித்துக்கொண்டு கைகொடுத்தார்.

கண்ணாடியை ஏன் இறக்குகிறார் என்று முதல் இரண்டு நாளும் எனக்கு விளங்கவில்லை. காலடிச் சத்தம் கேட்கத்தான் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் கேட்டேவிட்டேன்.

"சத்தமா? இந்தக் காத்துக்க என்ன சத்தம் கேக்கும்?" என்றார். "அந்தப் பிள்ளை வெளிய விறைக்குது. நான் சூட்டுக்க இருந்தா அத எப்ப நிப்பாட்டுறதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"கேட்டாச் சொல்லுவினம்தானே, அக்கா."

"சொல்லா. ஓடுறவன்ட வாய நம்பாத. அது எப்பவும் ஓம் ஓம் எண்டுதான் சொல்லும்."

இது அவருக்கு அந்தப் பயணத்தில் வந்த பழக்கம் இல்லை. ஹொல்ம்லியா ரயில் மேடையில் கண்ணாடி அடைத்த ஒரு தங்குமிடம் உண்டு. முதியோர் இல்லத்து ஆட்களைச் சக்கர நாற்காலியில் வெளியே கூட்டிவரும்போது நாற்காலி அதற்குள் போகாது. மற்ற உதவியாளர்கள் நாற்காலியை வாசலோடு நிறுத்தி, கம்பளியால் போர்த்திவிட்டு உள்ளே போய் நிற்பார்கள். அக்கா வெளியே நிற்பார். குளிர்ச்சட்டைப் பொத்தானையும் கழற்றிவிட்டு நிற்பார். நாற்காலியில் இருப்பவர்கள் அசையாதவர்கள், அவர்களுக்குக் குளிர் கெதியில் ஏறும், நடக்கிறவள் பொத்தான் போட்டால் கணக்குச் சரிவராது என்பது அவருடைய கணிப்பு. அவரைச் சிலருக்குப் பிடித்திருந்தது. சிலருக்கு, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பயம். பக்கத்தில் நிற்கும்போது நம்முடைய பொத்தானிலும் கை போகும்.

இந்தப் பிடிவாதத்தின் அடிவேரை நான் பாட்ஸ்பியோர்ட்டில் பார்த்திருந்தேன். பார்த்தபோது அது வேர் என்று தெரியவில்லை. ஓட்டம் தொடங்கிய காலை. காலை என்று கடிகாரம்தான் சொன்னது. அந்த மாதத்தில் அங்கே சூரியன் எழும்பாது, நீலமாக ஒரு மங்கல் மட்டும். துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தைக் காட்டினார். மீன் வெட்டும் தொழிற்சாலையாக இருந்தது. இருபத்திரண்டு வயதில் அங்கே கத்தி பிடித்தவர், பதினொரு வருடம் பிடித்திருக்கிறார்.

"மேல பார், அந்த ஜன்னல். அங்கதான் ஃபோர்மன் இருப்பான். கண்ணாடி அறை, உள்ளுக்க ஹீட்டர். நாங்க கீழ ஐஸுக்க. எப்ப இடைவேளை விடுறதெண்டு அவன்தான் மணி அடிக்கிறது."

"பொல்லாதவனோ?"

"சீச்சீ. நல்ல மனிசன். என்ட முதல் பிள்ளைக்குத் தொட்டில் தந்தவன். மறுகா, சூட்டுக்க இருந்தவனுக்கு எங்கட விரல் எங்க தெரியும்? அவனுக்கு நேரம் பறந்திருக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை. போய்க் காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினார்.

வடக்கு ஊர்கள் எங்களை நல்லாகவே பார்த்தன. வீதியோரப் பனிக்குள் தீப்பந்தம் நட்டு வைத்திருப்பார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் படுக்க இடம், தேவாலய மண்டபத்தில் மீன் சூப்பும் வாஃபிளும். பொறுப்பானவர் ஒருவர் எழும்பி இரண்டு நிமிடம் பேசுவார், நூல் சுற்றுவார்கள், எல்லாரும் கைதட்டுவார்கள். "இந்தச் சனம் கலியாணத்துக்கும் வாஃபிள் சுடும், செத்த வீட்டுக்கும் வாஃபிள் சுடும்" என்று அக்கா எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்வார். குளிர்ச்சட்டைப் பையில் ஒரு சின்னப் போத்தலில் மிளகாய்த்தூள் வைத்திருந்தார். மீன் சூப்பில் அதைத் தட்டும்போது பக்கத்துக் கிழவர்களுக்கும் நீட்டுவார். ஒருவர் தாராளமாகப் போட்டுக்கொண்டு கண்ணீர் வழியச் சாப்பிட்டு முடித்து, அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். வெளியே குச்சியோடு யாராவது நின்றால் மட்டும் அக்கா கதிரையில் இருக்க மாட்டார். சூப்புக் கோப்பையோடு வாசலில் நிற்பார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதால் உள்ளே இருக்கிறவர்கள் ஆளை ஆள் பார்ப்பார்கள்.

முதல் கிழமையிலேயே ரூனே குழுவுக்கு அக்கா மேல் பக்தி மாதிரி ஒன்று வந்துவிட்டது. காரணம் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. முழுத் தூரம் ஓடும் ஐவரில் ஒருத்தி, நல்ல பலசாலி. மரம் ஒன்றும் இல்லாத வெளியில் ஓடிக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் ஓடினாள். அக்கா திடீரென்று இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார். அதுதான் நிறுத்துவதற்கு அடையாளம். ஆசிரியை வந்து ஏறும்போது முறைத்தாள். அடுத்தவர் குச்சியை வாங்கிக்கொண்டு ஓடத் தொடங்கினார். நான் தேநீரை நீட்டினேன். அப்போதுதான் பார்த்தேன், அவளுடைய கன்னத்தில் ஒரு பொட்டளவு வெள்ளை. மெழுகு மாதிரி. உறைபனி கடிக்கத் தொடங்கியிருந்தது, அவளுக்குத் தெரியவில்லை. அக்கா தன் உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்தார். பிறகு ஏனோ கையை எடுத்துவிட்டு, "நீ வை" என்று என்னிடம் சொன்னார். என் கை சூடு என்பதால் என்று நினைத்தேன்.

அது ஏன் என்று பத்து நாள் கழித்து ஒரு பெட்ரோல் நிலையத்தில் தெரிந்தது. தேநீர்ப் போத்தலின் மூடியைத் திறக்க அக்கா பாடுபட்டுக்கொண்டிருந்தார். கையுறையைக் கழற்றியிருந்தார். விரல்கள் இரண்டாம் கணு வரைக்கும் வெள்ளை. வெளிறல் இல்லை, வெள்ளை. மெழுகுதிரி போல.

"என்னக்கா இது?"

"பழைய கூட்டாளி. ஃபாக்டரி நாளில இருந்து வாறவன். சூடு காட்டினாப் போயிருவான்."

"டொக்டருக்குக் காட்டேல்லையோ?"

"காட்டினா, உனக்கு இந்த வேலை ஏலா எண்டு எழுதித் தருவாங்க. மறுகா நான் வீட்ட இருந்து என்ன செய்யிற?"

"ரூனேக்காவது சொல்லுங்கோவன்."

"அவருக்கு அங்க ஒரு பிள்ளை கிடக்கு. என்ட விரலையும் அவர் தூக்குறதா? பேசாம இரி."

பேசாமல் இருந்தேன். மூடியைத் திறந்து தேநீரை ஊற்றிக் கொடுத்தேன்.

டொவ்ரே மலையைத் தானே ஓடிக் கடக்க வேண்டும் என்று ரூனே முதலிலேயே சொல்லி வைத்திருந்தார். அதைத் தாண்டினால் ஒஸ்லோ ஆறு நாள். மற்ற ஓட்டக்காரர்கள் முன்கூட்டியே கீழே விடுதிக்குப் போய்விட்டார்கள், கை மாற்றக் காரில் ஆள் இல்லை. அன்று காலை வானம் சும்மா இருந்தது. பத்து மணிக்குக் காற்று எழும்பியது. மலை மேல் காற்று எழும்பினால் வீதியில் தடுப்பை இறக்கிவிடுவார்கள். பிறகு பனி வாரும் வண்டி முன்னால் போக, எல்லா வாகனமும் அதன் பின்னால் வரிசையாகத்தான் போகலாம். நடந்து ஒருவரும் போக முடியாது. இரண்டு மணிக்குத் தடுப்பை இறக்குவதாகத் தகவல் வந்தது. நான் கணக்குப் பார்த்தேன். ரூனே ஓடுகிற வேகத்துக்கு இருபது நிமிடம் முந்தியே கீழே போய்விடுவார்.

இன்னும் மூன்று கிலோமீட்டர் இருந்தது. அக்கா ஸ்டியரிங்கில் இருந்து ஒரு கையை எடுத்து முழங்காலில் தேய்த்தார். பிறகு மற்றக் கையை. ஹோர்ன் இரண்டு தரம் அடித்தது.

ரூனே நிற்கவில்லை. குச்சியைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓடினார்.

அக்கா வண்டியை முன்னால் எடுத்து வீதிக்குக் குறுக்கே நிறுத்தினார். இறங்கினார்.

"உள்ள ஏறுங்க" என்றார், நோர்வே மொழியில். அவருடைய நோர்வே மொழி தொழிற்சாலையில் படித்தது, வெட்டி வெட்டி வரும்.

"எனக்கு ஒன்றுமில்லை" என்றார் ரூனே. மூக்கு, புருவம் எல்லாம் வெண்பனி. "மூன்று கிலோமீட்டர்தான் இருக்கிறது."

"ஓடுறவன் எல்லாரும் அதத்தான் சொல்லுற."

"இங்ரிட்டுக்கு நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு நீங்க கை குடுத்தீங்க."

ரூனே என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் மடியில் இருந்த தேநீர்ப் போத்தலைப் பார்த்தேன். வெளியே காற்று அவர்கள் இருவரையும் ஒருபக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. ரூனே வந்து பின்னால் ஏறினார். குச்சியை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார். அந்த மூன்று கிலோமீட்டரைக் கார் ஐந்து நிமிடத்தில் முடித்தது.

கீழே விடுதியில் அந்த ஊர்த் தாதி காத்திருந்தாள். ரூனேயின் சப்பாத்தைக் கழற்றி, காலைப் பார்த்து, காதைப் பார்த்து, உடல் சூட்டையும் அளந்தாள்.

"என்னைவிட நீ சூடாய் இருக்கிறாய்" என்று சிரித்தாள். "விட்டால் இன்னும் பத்துக் கிலோமீட்டர் ஓடுவாய்."

அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். நல்ல சேதி சொல்வதாகத்தான் நினைத்தாள். போகும்போது மரியாதைக்கு அக்காவிடம் கை நீட்டினாள். அக்காவும் யோசிக்காமல் கொடுத்தார். தாதி அந்தக் கையை விடவில்லை. விளக்குக்குக் கீழே திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கையைத்தான் நான் பார்த்திருக்க வேண்டும்" என்றாள்.

ரூனேயும் பார்த்தார். வெள்ளை விரல்களைப் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா குளிரை எந்த விரல்களால் அளந்து தன்னை நிறுத்தினார் என்று அவருக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. ஆசிரியையின் கன்னம் அன்று தற்செயலாகச் சரிவந்திருக்கிறது. ரூனே எழும்பி வெளியே போனார். தடுப்பு இறங்கியிருந்தது. அது இரண்டு நாளைக்கு ஏறவில்லை. எங்களுக்காகத் தெற்கில் ஊர் ஊராகச் சனம் காத்திருந்தது. ஒஸ்லோவுக்கு ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும். விட்ட மூன்று கிலோமீட்டருக்குத் திரும்பிப் போக வழியில்லாமல், விடுதியிலிருந்தே ஓட்டம் தொடர்ந்தது.

அடுத்த நாள் காலை அக்கா கார்த் திறப்பை என் கையில் வைத்தார்.

"மறுகா நீ ஓட்டு. என்ட கை பொய் சொல்லிட்டு."

"எனக்கு முந்தியே தெரியும்தானே, அக்கா. நான் சொல்லியிருக்கவேணும்."

"ஓம். சொல்லியிருக்கலாம்" என்றார். ஆறுதலுக்காகக்கூட இல்லை என்று சொல்லவில்லை.

பின்னால் ஏறி இருந்துகொண்டார். ஆறு நாளும் ரூனே அவரோடு கதைக்கவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. சாப்பாட்டுத் தட்டை நீட்டுவார், கதவைப் பிடித்துவிடுவார். கதை மட்டும் இல்லை. ஓட்டக்காரரை எப்ப நிறுத்துவது என்று இப்போது ஓட்டக்காரரையே கேட்டோம். அவர்களும் சொன்னார்கள். பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள்.

ஞாயிறு மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் மேளம், கொடி எல்லாம் இருந்தது. உள்ளே போக இரண்டு பேருக்குத்தான் அனுமதி. ரூனேயோடு ஆசிரியை போவதாக இருந்தது. அக்கா கூட்டத்துக்குள்ளால் வந்து ரூனேக்கு முன்னால் நின்றார்.

"நான் வரவேணும்" என்றார். "அத நான்தான் சொல்லவேணும்."

ரூனே ஆசிரியையைப் பார்த்தார். அவள் தலையாட்டி ஒதுங்கினாள். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்ததில் நானும் போனேன். எண்ணி விடுகிற தாதி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

இங்ரிட் மெலிந்த பிள்ளை. தலையில் தொப்பி. கட்டில் அருகே சுவரில் நீளமான நோர்வே வரைபடம், அதில் வடக்கிலிருந்து சிவப்புப் பேனாக் கோடு. தகப்பன் ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் சொல்லச் சொல்ல அவளே கீறியது. டொவ்ரேயில் ஓரிடத்தில், நகத்தளவுக்கு, கோடு இல்லை. ரூனே மறைக்கவில்லை என்பது அதைப் பார்த்ததும் தெரிந்தது.

அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் போனார்.

"இந்த இடம். உன்ட அப்பா நிக்கல்ல. நான் நிப்பாட்டின. பிழை என்ட."

"ஏன் நிறுத்தினீர்கள்?"

"எனக்குக் குளிர்ந்த. அவருக்கும் குளிருதெண்டு நினைச்சிட்டன்."

இங்ரிட் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்மாவும் அப்படித்தான்" என்றாள். "அவளுக்குக் குளிர்ந்தால் எனக்குச் சட்டை போட்டுவிடுவாள்."

ரூனே சிரித்தாரா, மூக்கை உறிஞ்சினாரா, நான் அவர் பக்கம் பார்க்கவில்லை. அவர் மேசையில் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்தார். "ஒரு கோடுதானே. போட்டு விடலாமா?"

"வேண்டாம்" என்றாள் மகள். "ஓடாத இடத்துக்குக் கோடு போட முடியாது. அதை நான் நடப்பேன்."

அவள் எப்போது எழும்புவாள், எழும்புவாளா என்பது அங்கே நின்ற எவருக்கும் தெரியாது. எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த வசந்தத்தில் நான் பேர்கனுக்கு மாறிப் போய்விட்டேன். கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம், கேட்கவில்லை.

அக்கா கையுறையைக் கழற்றினார். அந்த விரல்களாலேயே வரைபடத்தில் கோடில்லாத இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"நட" என்றார். "நான் கார்ல பின்னால வாறன். எப்ப நிக்கிறதெண்டு நீ சொல்லு."